கன்னியாகுமரியில் அறை போடுகிறவர்களே, 7,600 ரூபாய் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். இன்னும் மனம் ஆறவில்லை. கன்னியாகுமரியில் அறை பதிவு செய்யப் போகிறவர்கள், அதிலும் வெளியூர் விருந்தினருக்காகப் பதிவு செய்கிற நம் மாவட்டத்துக்காரர்கள், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து என் நண்பன் அவனுடைய அம்மாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தான். கல்லூரியில் படித்த மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த அம்மா கையால் சாப்பிட்டவன் நான். இப்போது அவர்களுக்கு வயது 74. முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். ஐயப்ப பக்தர்கள் நிறைந்திருக்கிற இந்தக் கார்த்திகை மாதத்தில், கடற்கரைக் கூட்டத்துக்குள் அவர்களை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையில் காபியும் கொடுத்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாகர்கோவிலில் வீடு இருக்கும்போது இருபது கிலோமீட்டர் தள்ளி அறை எடுத்தது அந்தப் பால்கனிக்காக மட்டும்தான்.

விடுதி அறைகளைப் பதிவு செய்து தரும் இணையதளம் ஒன்றில் தேடினேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் வேண்டாம். அதில் ஒரு படம். நீல நிறக் கம்பி போட்ட பால்கனி; அதற்கு அப்பால் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவே புதிய கண்ணாடிப் பாலம். சிறு வயதிலிருந்து பார்த்த கடல். எந்தத் தெருவில் நின்றால் இப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். படத்தில் பொய் இல்லை என்று உறுதியாக நம்பினேன். இரண்டு அறைகள், ஒன்று 4,000 ரூபாய்.

பதிவு செய்த பத்தாவது நிமிடத்தில் தொலைபேசி வந்தது. விடுதி மேலாளர் என்றான் ஒருவன். இளம் குரல். ‘எந்த ஊர் அண்ணாச்சி?’ என்று கேட்டான். வடசேரி என்றேன். ‘அட, எங்கள் அம்மா வீடு கிருஷ்ணன்கோவில்தான்’ என்றான். அந்தப் பேச்சின் இழுப்பு அசல் நம் ஊர் இழுப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நானாகத்தான் சொன்னேன். ‘அப்படியானால் லிப்ட்டுக்குப் பக்கத்து அறையாகப் போடுகிறேன், காலையில் வெந்நீர் கொண்டுவரச் சொல்கிறேன்’ என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தேன். பணம் கேட்டு அவன் அவசரப்படவே இல்லை. அம்மாவைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, சீசன் நேரம், முழுப் பணத்தையும் இப்போதே அனுப்பினால் ஐந்து சதவீதம் குறைத்துக்கொள்ளலாம் என்றான். அனுப்பும்போது திரையில் விடுதியின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். ‘முதலாளியின் மைத்துனர் கணக்கு அண்ணாச்சி.’ 7,600 ரூபாய் அனுப்பினேன்.

சனிக்கிழமை பகல் முழுவதும் நன்றாகவே போனது. பத்மநாபபுரம் அரண்மனையில் மாடிப்படிகள் செங்குத்து என்பதால் அம்மா கீழேயே இருந்துவிட்டார்கள். தேக்கும் பலாவும் இழைத்த அந்தத் தாழ்வாரத்தில் வெறுங்காலை வைத்து ‘என்ன குளிர்ச்சி!’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தக்கலையில் மட்டிப் பழம் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சிறிய வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையோடு சொன்னேன். சுசீந்திரம் கோவிலில் ஓங்கி நிற்கும் ஆஞ்சநேயர் முன்னால் வெகுநேரம் கைகூப்பி நின்றார்கள். என் ஊரைக் காட்டிய மகிழ்ச்சியில் இரவு ஒன்பது மணிக்கு விடுதி வாசலில் காரை நிறுத்தினேன்.

வரவேற்பில் இருந்த பெரியவர் பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார். ‘மக்களே, உங்கள் பெயரில் ஒன்றும் இல்லையே’ என்றார். பணம் அனுப்பிய ரசீதைக் காட்டினேன். ‘இந்தக் கணக்கு எங்களுடையது இல்லை. இந்த மாதத்தில் நீங்கள் நான்காவது ஆள்’ என்றார். நான்காவது ஆள்! மூன்று பேர் ஏமாந்து வந்து நின்ற பிறகும் வாசலில் ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்டால், ‘அது எங்கள் வேலை இல்லை’ என்கிறார்கள். மேலாளன் என்று பேசியவனை அழைத்தேன். மணி அடித்தது, துண்டித்தான். மறுபடி அழைத்தேன். தொலைபேசியையே அணைத்துவிட்டான்.

அம்மா விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். புடவைத் தலைப்பால் முழங்காலை மூடிக்கொண்டு, ‘எனக்கு ஒன்றும் இல்லைப்பா, நீ பதறாதே’ என்றார்கள். நண்பன் ‘விடுடா’ என்றான். அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. பதினோரு மணிக்கு, ஏழு விடுதிகள் ஏறி இறங்கிய பிறகு, பின்பக்கச் சுவரைப் பார்த்த ஓர் அறை கிடைத்தது. அதற்குத் தனியாக 3,200 ரூபாய்.

காலையில் கடற்கரைக்கே போனோம். தேநீர் விற்கிறவர் அம்மாவைப் பார்த்ததும், தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கி வந்து போட்டார். தேநீருக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தான். அதையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. இணையதளத்தின் உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் வந்த பெண், ‘எங்கள் தளத்துக்கு வெளியே நீங்கள் அனுப்பிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்றார். என் எண்ணையும் பதிவு விவரத்தையும் அவனுக்குக் கொடுத்தது யார் என்றேன். 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றார். வரவில்லை. வங்கியில், ‘நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பியது சார், நாங்கள் என்ன செய்ய?’ என்றார்கள். 7,600 ரூபாய் அவர்களுக்கு ஒரு தொகையே இல்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை நாகர்கோவில் ரயில் நிலையத்தில், வண்டி புறப்படும் நேரத்தில், அந்த அம்மா ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நான்காக மடித்து என் சட்டைப் பையில் திணிக்கப் பார்த்தார்கள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். என் விருந்தாளி, என் ஊரில், என் நஷ்டத்தை ஈடுகட்டப் பார்த்த அந்த நிமிடத்துக்கு எவன் பதில் சொல்வான்?

சொல்வதாகச் சொன்னது: இணையத்தில் அறை பார்த்தாலும் விடுதியின் எண்ணைத் தனியாகக் கண்டுபிடித்து நீங்களே அழைத்துக் கேளுங்கள். விடுதி பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள், மைத்துனர் ஆனாலும் சரி, மாமனார் ஆனாலும் சரி. ஏமாந்தது தெரிந்த உடனே, இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் உண்டு. பணம் புதன்கிழமை போனது, எனக்குத் தெரிந்ததே சனிக்கிழமை இரவு. புகார் எண் மட்டும் கிடைத்திருக்கிறது. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு நம்பிவிடாதீர்கள்.

இதை எழுதுவதற்கு முன்பு அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே நீலக் கம்பிப் பால்கனி, அதே 4,000 ரூபாய். கீழே ‘இன்னும் இரண்டு அறைகளே உள்ளன’ என்று போட்டிருக்கிறார்கள்.