185,000 ரூபாயும் ஒரு கட்டு போட்டோக்கொப்பியும்

திருகோணமலை ஆசிரியர்கள் யாராவது "வாசிப்புக் கற்பித்தலில் மாஸ்டர்ஸ், வேலை பார்த்துக்கொண்டே 14 மாதத்தில்" என்ற துண்டுப்பிரசுரத்தைக் கையில் வைத்திருந்தால், இதைப் படித்துவிட்டுப் பிறகு காசைக் கட்டுங்கள். நான் கட்டிவிட்டேன். 185,000 ரூபாய். அது திரும்பி வராது என்று நேற்றுப் பின்னேரம்தான் உறுதியானது. கை இன்னும் பதறுகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. வழக்கு, வக்கீல் என்று அலைய என்னிடம் இனிக் காசில்லை. நகருக்குள் ஒரு கடைக்கு மேல்மாடியில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக இருக்கும் தனியார் கல்வி நிலையம். ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கிளை போலப் பேசுவார்கள்.

நான் தரம் 4 படிப்பிக்கிறேன். வகுப்பில் 31 பேர். எட்டுப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள், இரண்டு பேருக்கு அதுவும் வராது. பெற்றோர் கேட்பதெல்லாம் அடுத்த வருடம் புலமைப்பரிசிலுக்கு எத்தனை பேர் தேறுவார்கள் என்றுதான். அந்த மாடியில் இருந்த 'இணைப்பாளர்' மட்டும் வேறு விதமாகக் கேட்டார்: "மிஸ், உங்கட வகுப்பில வாசிக்கவே ஏலாத பிள்ளைகள் எத்தனை பேர்?"

பதினொரு வருடச் சேவையில் என்னிடம் இப்படிக் கேட்டவர் ஒருவருமில்லை. வாய் திறந்தேன், நிறுத்தவில்லை. 'கொ' எழுதும்போது ககரத்துக்கு முன்னாலேயே கொம்பு வந்து நிற்கிறது, பிள்ளை கொம்பைக் கண்டதும் 'எ' என்று தொடங்கிவிடுகிறது என்றேன். அதே ககரம் 'கல்'லில் ஒரு ஒலி, 'பங்கு'வில் வேறு ஒலி, 'பகல்' என்றால் இன்னொன்று. வீட்டில் 'வாறன்' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'வருகிறேன்' என்று கண்டால் அது தன் பேச்சுத்தான் என்று அடையாளம் காண்பதில்லை. 247 எழுத்தையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிறவன் ஒரு வசனத்தில் திணறுகிறான். எல்லாவற்றையும் அவர் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார். சும்மா கிறுக்கவில்லை, நான் பார்த்தேன். "இதுதான் மிஸ் எங்கட முதலாவது பாடமே" என்றார்.

அங்கேதான் விழுந்தேன். அன்றைக்கே பதிவுக்கு 60,000. "மாதக் கடைசிக்குள்ள முழுசாக் கட்டினா கழிவு இருக்கு மிஸ்" என்றதும் காப்பை அடகு வைத்து மிச்சம் 125,000. எல்லாமாக 185,000.

மூன்று சனிக்கிழமை சூம் வகுப்பு நடந்தது. அப்புறம் போட்டோக்கொப்பிக் கட்டு ஒன்று தந்தார்கள். திறந்தால் கேட், பேட், மேட்! ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற பாடம், அப்படியே. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு முன்வைத்த வாசிப்பின் ஐந்து கூறுகளும் (சொல்லுக்குள் இருக்கும் தனி ஒலிகளைப் பிரித்தறியும் ஒலியன் உணர்வு, எழுத்து–ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், கிரகித்தல்) இருந்தன. நல்ல விடயங்கள்தான், ஆனால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறவை. நம்முடைய 'கி' என்ற ஒரே எழுத்துக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்து இருக்கிறதே, அதைப் பிள்ளைக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது? ஒரு வரி இல்லை. கேட்டேன். "அடுத்த மொடியூல்ல வரும்." அடுத்த மொடியூலே வரவில்லை. அந்தக் கட்டைத் திருகோணமலைக் கோட்டையடியில் திரியும் மான்களுக்குப் போட்டிருந்தால் அவையாவது பசியாறியிருக்கும்.

நாலாவது சனி வகுப்பில்லை. ஐந்தாவதும் இல்லை. போன் எடுத்தால் "சேர் கொழும்புக்குப் போயிருக்கிறார்." அடுத்த கிழமை, "சிஸ்டம் மாத்துறாங்க மிஸ்." நேரில் போனால் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வெயிலில் போனால், கணக்குப் பிள்ளை லீவாம். வட்ஸ்அப் குழுவில் கேள்வி போட்டேன். பத்து நிமிடத்தில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

வலயக் கல்வி அலுவலகத்தில் என் சேவைக் கோவையைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்காத பட்டம் என்றால், "கோவையில போட்டாலும் வெறும் கடதாசிதான் மிஸ்" என்றார். இரவிரவாகத் தேடினேன். உலகப் பல்கலைக்கழகங்களைப் பட்டியலிடும் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் தரவுத்தளத்திலும் அந்தப் பெயர் இல்லை.

நேற்று 185,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். "குறுங்காலப் பயிற்சிக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" என்று அடியில் பொடி எழுத்தில். பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறவள் வாசிக்காமல் விட்ட கடதாசி அது. கொப்பியில் குறித்த அதே ஆள், என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க சைன் வச்சிருக்கீங்கதானே" என்றார்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. காசு கட்டுமுன் பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரை எழுத்தில் வாங்கி ஆணைக்குழுவிடம் கேளுங்கள். படிப்புகளை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். மாஸ்டர்ஸ் என்றால் 9 அல்லது 10, அதில் 9க்கே குறைந்தது 30 கிரெடிட் வேண்டும். மகரகமை தேசிய கல்வி நிறுவகமும் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கும்போது மாடிப்படி ஏறாதீர்கள். பற்றுச்சீட்டை அங்கேயே நின்று வாசியுங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள், நானும் காலையில் அழைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மூதூரில் படிப்பிக்கும் என் தோழி அவர்களுடைய புதுத் துண்டுப்பிரசுரத்தை அனுப்பி, இரண்டாம் பிரிவுக்கு நாளைதான் கடைசி நாளாம், கட்டட்டா என்று கேட்கிறாள். அதில் கொட்டை எழுத்தில் முதல் வரி: "கொம்பைக் கண்டதும் 'எ' என்று தொடங்கும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கிறதா?"