வாசிப்புப் பார்வையா, விளம்பரத் தடுப்பானா, செய்தியோடையா?

தலைப்புக்கும் முதல் பத்திக்கும் நடுவே தானாக ஓடத் தொடங்கும் காணொளி, திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு விலக மறுக்கும் பட்டை, அதன்மேல் வந்து நின்று அறிவிப்புகளை அனுப்பலாமா என்று கேட்கும் பெட்டி ஆகியவற்றைக் கடந்துதான் இன்று பல செய்தித் தளங்களில் செய்தியை அடைய முடிகிறது. இவற்றைத் தவிர்க்க, கட்டுரையை மட்டும் பிரித்துக் காட்டும், உலாவியிலேயே உள்ள வாசிப்புப் பார்வை, விளம்பரத் தடுப்பான், தளங்களின் புதிய செய்திகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் செய்தியோடை என மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றினாலும், பக்கம் நம்மிடம் வந்துசேரும் பாதையில் அவை குறுக்கிடும் இடங்கள் வேறு என்பதால் பலனும் வேறுபடுகிறது.

வாசிப்புப் பார்வையின் மூலம், ஆர்க்90 நிறுவனம் 2009இல் வெளியிட்ட ரீடபிலிட்டி என்னும் சிறு நிரல். அதைப் பயன்படுத்தி ஆப்பிள் 2010இல் சஃபாரியில் ரீடர் வசதியைச் சேர்த்தது. ஃபயர்ஃபாக்ஸில் இன்று இயங்குவதும் அந்நிரலின் வளர்ந்த வடிவமே. அது பக்கத்தின் பொருளை அறிவதில்லை, எண்ணிப் பார்க்கிறது. 25 எழுத்துக்குக் குறைந்த பத்திகளை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்கு நீளத்தையும் காற்புள்ளிகளையும் கொண்டு மதிப்பெண் இட்டு, மிகுதியான மதிப்பெண் சேரும் பகுதியே கட்டுரை என்று முடிவுசெய்கிறது. (கணினிக் கணக்கில் ‘கொ’ என்பது இரண்டு எழுத்து, அவ்வகையில் 25 என்னும் வரம்பை எட்டுவதில் தமிழுக்குச் சற்றுச் சலுகைதான்.)

தலையங்கம், நேர்காணல், நீண்ட கட்டுரை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. இரண்டு வரியில் முடியும் மாவட்டச் செய்தியிலும், நிமிடத்துக்கு நிமிடம் வளரும் தேர்தல் நேரலைப் பக்கத்திலும், படத்தொகுப்பிலும் அது தடுமாறுகிறது. வாசிப்புப் பார்வைக்கான பொத்தான் தோன்றாமலே போகலாம், அல்லது பாதி விடுபட்ட பக்கம் கிடைக்கலாம். பத்திகளுக்கு நடுவே செருகப்படும் ‘இதையும் படிக்க’ இணைப்புகள் பல நேரங்களில் கட்டுரையின் பகுதியாகவே கருதப்பட்டு உள்ளே தங்கிவிடுகின்றன. இவற்றைவிடப் பெரிய குறை, பொதுவாகப் பக்கம் இறங்கிய பிறகே இந்த வசதி வேலையைத் தொடங்குகிறது என்பது. கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறதே தவிர, விளம்பரங்களுக்குச் செலவான டேட்டாவும் காத்திருந்த நேரமும் மீள்வதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய முதியவர்களுக்கு மட்டும் இதற்கு ஈடு வேறில்லை. எட்ஜ் உலாவியில் செய்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் முடியும். இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்றும் இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார் என்றும் குரல்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

விளம்பரத் தடுப்பான் இதற்கு முந்திய கட்டத்திலேயே தலையிடுகிறது. ரேமண்ட் ஹில் 2014இல் தொடங்கிய யுபிளாக் ஆரிஜின் என்னும் நீட்சி (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்), விளம்பரங்களை அனுப்பும் கணினிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றுக்குச் செல்லும் கோரிக்கைகளையே நிறுத்திவிடுவதால், பக்கம் விரைவாகத் திறப்பதோடு டேட்டாவும் மிஞ்சுகிறது. ஆயினும் எந்த உலாவியில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தே இதன் பலன் அமைகிறது. கூகுள் தன் நீட்சி விதிகளை மாற்றியதால் கணினிக் குரோமில் இதன் முழு வடிவத்துக்கு இடமில்லாமற் போய், ஆற்றல் குறைந்த லைட் வடிவம் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக் குரோமிலோ நீட்சிகளுக்கே இடமில்லை. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவம் இயங்குகிறது. எதையும் நிறுவி அமைக்க விரும்பாதவர்களுக்குத் தடுப்பான் உள்ளிணைந்தே வரும் பிரேவ் உலாவி போதுமானது. ஆட்பிளாக் பிளஸ், ஏற்கத்தக்கவை என்று தான் கருதும் விளம்பரங்களை 2011 முதல் இயல்பாகவே அனுமதித்து வருவதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள தனிப்பட்ட டிஎன்எஸ் (தளப் பெயரை இணைய எண்ணாக மாற்றித் தரும் சேவை) அமைப்பில் விளம்பரம் தடுக்கும் சேவை ஒன்றின் முகவரியை இடுவதும் ஒரு வழி. செயலிகளுக்குள் வரும் விளம்பரங்களையும் அது குறைக்கும், ஆனால் செய்தித் தளம் தன் சொந்த முகவரியிலிருந்தே வழங்கும் விளம்பரத்தை அதனால் தடுக்க இயலாது.

செய்தியோடையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஓடைகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்ட பிறகும் ஃபீட்லி, இனோரீடர் போன்றவை இருக்கின்றன. தலைப்புகளைக் கால வரிசையில் பார்த்துப் படிக்க வேண்டியதைத் தேர்ந்தெடுக்க இதைவிட அமைதியான இடம் கிடையாது. ஆனால் பல தளங்கள் ஓடையில் தலைப்பையும் இரண்டு வரிகளையும் மட்டுமே தருவதால், முழுச் செய்திக்கு மீண்டும் அதே நெரிசலுக்குள் செல்ல நேர்கிறது.

ஆகவே ஆண்ட்ராய்டில் படிப்பவர்களுக்கு என் தேர்வு, யுபிளாக் ஆரிஜின் நிறுவிய ஃபயர்ஃபாக்ஸும் நீண்ட கட்டுரைகளுக்கு மட்டும் அதிலேயே உள்ள வாசிப்புப் பார்வையும்தான். விளம்பர வருவாயில் நடக்கும் தளங்களுக்கு இதனால் இழப்பு உண்டு என்பதை மறுக்க முடியாது. அன்றாடம் படிக்கும் ஏட்டுக்குச் சந்தா இருந்தால் அதைக் கட்டுவதும், அளவோடு விளம்பரம் இடும் தளங்களில் தடுப்பானை நிறுத்திவைப்பதும் நியாயம் என்பது என் கருத்து. நிறுத்துவதற்கு அந்நீட்சியின் பெரிய பொத்தானை ஒருமுறை தொட்டால் போதும். அந்தத் தளத்துக்கு மட்டும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஐபோன் வைத்திருப்பவர்கள், 2015இல் ஐஓஎஸ் 9 முதல் சஃபாரி ஏற்கும் உள்ளடக்கத் தடுப்புச் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு, அடிக்கடி செல்லும் தளங்களுக்கு ரீடர் தானாகவே திறக்கும்படி தளவாரி அமைப்பில் குறித்துவிடலாம்.