தேனீக் கூட்டம் பிடிக்கும் செட்: பை நல்லது, பெட்டி பரவாயில்லை, கேட் நம் ஈக்கு ஆகாது

ஆன்லைனில் 'தேனீக் கூட்டம் பிடிக்கும் முழு செட்' என்று நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். படம் எல்லாவற்றிலும் ஒன்றேதான், விலை மட்டும் முன்னே பின்னே இருக்கும். அதில் ஒன்றை நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கி ஒரு சீசன் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இழுத்தால் நீளும் அலுமினியக் கம்பு, வளையத்தோடு வலைப்பை, ஐந்து சட்டம் (ஈ அடை கட்டும் மரச் சட்டகம்) கொள்ளும் மரப்பெட்டி, ஈர்ப்புத் திரவம் என்று ஒரு சின்னக் குப்பி, ராணியை அடைத்து வைக்கக் கூண்டு, ராணி வெளியே போகாமல் தடுக்க வாசலில் மாட்டும் ராணி கேட், முகவலை ஒன்று, மடித்த துண்டுப் பிரசுரம் ஒன்று. இவ்வளவும் ஒரே அட்டைப் பெட்டியில் வந்தது.

நான் இருப்பது நாகர்கோவில் பக்கம். வீட்டுக்குப் பின்னால் சின்ன விளை, தென்னையும் பலாவும் முருங்கையும், அதற்கிடையே சில தேன்பெட்டிகள். எல்லாம் நம் நாட்டு ஈயான அடுக்குத் தேனீதான், பொந்துத் தேனீ என்றும் சொல்வோம். வெளிநாட்டிலிருந்து வந்த, அதைவிடப் பெரிய இத்தாலியத் தேனீ என்னிடம் கிடையாது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், இந்த செட்டில் சரியாக இருப்பதும் சொதப்பியதும் எல்லாமே எந்தத் தேனீயை மனதில் வைத்துச் செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் ஜனவரியில் ரப்பர் இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும்போதுதான் தேன் வரத்து தொடங்கும். ரப்பரில் தேன் சுரப்பது பூவில் இல்லை, இளம் இலைக் காம்பின் நுனியில் உள்ள சுரப்பியில். அதற்கு முன்னால், வடகிழக்கு மழை ஓயும் நேரத்தில், பெட்டிகள் ஈ நிறைந்து கூட்டம் பிரியத் தயாராகிவிடும். அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தால் சின்னச் சின்னதாக வட்ட மூடிகள் உதிர்ந்து கிடக்கும், பழுப்பு நிறம், நடுவில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை. ஆண் ஈ வெளிவந்த அறைகளின் மூடி அது. அதைப் பார்த்துவிட்டால் அடையின் கீழ் விளிம்பில் புது ராணி வளரும் ராணி அறை தொங்குகிறதா என்று தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ராணி அறையை மூடிய ஓரிரு நாளில் பழைய ராணி பாதிக்கும் மேற்பட்ட ஈக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பக்கத்து மரக்கொம்பில் திரண்டு தொங்கும், சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ. அந்த இடைவெளிக்குள் பிடித்தால் உண்டு.

அதற்குத்தான் பை. செட்டிலேயே உருப்படியான பொருள் இதுதான். வளையத்தைத் தொங்கும் கூட்டத்துக்குக் கீழிருந்து மேலே கொண்டுபோய்க் கொம்பை ஒரு குலுக்கு, கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். மேல்பாதி நெருக்கமான துணி, கீழே மட்டும் வலை. இது யோசித்துச் செய்தது, ஏனென்றால் முழுக்கக் கொசுவலைத் துணியில் தைத்த பைகளில் ஈயின் கால் நகம் மாட்டிக்கொண்டு உதறினாலும் விழாது, அவசரத்தில் இழுத்தால் கால் போய்விடும். கம்பு ஓரளவுக்கு மேல் நீட்டினால் ஆடுகிறது, ஆனால் நம் ஊர்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு கிலோகூட இருக்காது என்பதால் சமாளிக்கலாம். அலுமினியம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம், கரண்டு கம்பி போகிற இடத்தில் இதைத் தூக்கவே கூடாது. பிரசுரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பிடிப்பதற்கு முன் கூட்டத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் ஈக்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், பறப்பது குறையும். கிளம்பும்போது வயிறு முட்டத் தேனைக் குடித்துவிட்டு வருவதால் பிரிந்த கூட்டம் பொதுவாகக் கொட்டுவதும் குறைவுதான், அதற்காக முகவலையைக் கழற்றிவிட வேண்டாம்.

இன்னொன்று. விற்பவர்கள் போட்டிருக்கிற விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அதில் தொங்குவது மலைத்தேனீ மாதிரி இருக்கிறது. ஈ பெரிது, கூட்டமும் ஒரு முழ அகலத்துக்குப் பரந்திருக்கிறது. மலைத்தேனீ இடம் மாறிப் போகும்போது வழியில் மரத்தில் இறங்கி ஓய்வெடுக்கும், பார்க்கக் கூட்டம் பிரிந்தது போலவே இருக்கும். அதைப் பிடித்து எந்தப் பெட்டியிலும் வளர்க்க முடியாது, சீண்டினால் ஆளை விரட்டி விரட்டிக் கொட்டும். புதிதாக வளர்ப்பவர் அந்தப் படத்தை நம்பிக் கம்பை நீட்டினால் என்ன ஆகும் என்று விற்பவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

பெட்டிக்கு வருவோம். இதை மரத்திலோ மாடியிலோ வைத்துவிட்டால் கூட்டம் தானாக வந்து குடியேறும் என்பது கணக்கு. கொள்ளளவு சரியாகத்தான் இருக்கிறது. இத்தாலியத் தேனீ 40 லிட்டர் அளவுள்ள பொந்தை விரும்பும், நம் ஈக்கு அதில் பாதிக்கும் குறைவாக இருந்தாலே போதும். ஆனால் சட்டத்தின் அளவு எதற்கும் ஒத்து வரவில்லை. இங்கே பெரும்பாலும் இருப்பது நியூட்டன் பெட்டி, நூறு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம் ஈக்கென்றே செய்தது, புழு வளரும் கீழ் அறையில் ஏழு சட்டம். செட்டில் வந்த சட்டத்தை அதற்குள் இறக்கினால் இறங்காது. கூட்டம் வந்து அதில் அடை கட்டிவிட்டால் அப்புறம் அடையை அறுத்து வேறு சட்டத்தில் கட்டித்தான் மாற்ற வேண்டும், புதுக் கூட்டத்துக்கு அது பெரிய தொந்தரவு. நான் பெட்டிக்குள் இரண்டு பக்கமும் ரீப்பர் அடித்து என் நியூட்டன் சட்டங்களையே தொங்கவிட்டேன். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏழிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்க வேண்டும், அதிகம் விட்டால் அங்கேயும் குறுக்கே அடை கட்டி ஒட்டிவிடும். மரம் சாதாரணப் பேக்கிங் மரம், ஒரு மழை நனைந்ததும் மூடி உப்பிக்கொண்டது. உள்ளே வார்னிஷ் வாடை வேறு. ரொம்ப நாள் வெயிலில் திறந்து போட்ட பிறகுதான் வைத்தேன்.

ஈர்ப்புத் திரவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடியைத் திறந்ததும் தெரிந்தது, புல்தைலம். நாட்டு மருந்துக் கடையில் இதைவிடப் பெரிய குப்பி இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இத்தாலியத் தேனீ தன் கூட்டத்தை அழைக்க விடும் வாசனையில் சிட்ரலும் ஜெரானியாலும் உண்டு, புல்தைலத்திலும் இரண்டும் உண்டு, அதனால் வெளிநாடுகளில் இதைப் பொறிப்பெட்டிக்குப் பூசுவார்கள். நம் ஈயின் இனத்தைச் சேர்ந்த ஜப்பான் தேனீக்கு அங்கே ஒரு ஆர்க்கிட் செடியைப் பூத்த தொட்டியோடு பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், கூட்டம் அந்தப் பூவிலேயே போய் அப்பிக்கொள்ளும், இத்தாலியத் தேனீ அதைச் சட்டை செய்யாது. இனத்துக்கு இனம் மூக்கு வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் தெருவில் காலங்காலமாகத் தேன் எடுக்கும் அண்ணாச்சி ஒருவர் குப்பியை மோந்து பார்த்துவிட்டு, "மக்களே, இதைக் காலுவலிக்குத் தேய்ச்சுக்கோ. பெட்டிக்குப் பழைய அடையை உருக்கித் தேயி" என்றார். அப்படித்தான் செய்தேன். பழைய மெழுகைச் சூடாக்கி உள்பக்கப் பலகையிலும் வாசலிலும் தேய்த்தேன். அடையை அப்படியே உள்ளே வைத்துவிடாதீர்கள், ஈ வருவதற்கு முன்னால் மெழுகுப் பூச்சி வந்து முட்டையிட்டுவிடும்.

மெழுகு தேய்த்த பிறகு வேவு ஈக்கள் வந்தன. இதைப் பார்ப்பதே தனி சுகம். முதலில் ஒன்றிரண்டு, வாசலைச் சுற்றி முகத்தை நேராக வைத்துக்கொண்டே இடமும் வலமும் ஆடிப் பறக்கும், உட்காரும், உள்ளே போகும், வெளியே வந்து பெட்டியின் மூலை, மூடி இடுக்கு எல்லாம் நடந்து பார்க்கும், மறுபடி உள்ளே போகும். காலில் மகரந்தம் இருக்காது, அதை வைத்தே இது இரை தேடி வந்தது இல்லை, வீடு பார்க்க வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். எண்ணிக்கை கூடிக்கொண்டே போய் ஒரு நண்பகலில் இரைச்சலோடு கூட்டம் இறங்கியது. ஆளுயரத்துக்கு மேலே, நிழலில், மழைச்சாரல் அடிக்கும் பக்கம் வாசல் இல்லாமல் வைத்திருந்தேன்.

இப்போது கேட். என் கோபமெல்லாம் இதன் மேல்தான். புதிதாகப் பிடித்த கூட்டம் ஓடிப்போகாமல் இருக்க வாசலில் இதை மாட்டுவோம், வேலைக்கார ஈ போய் வரும், ராணி வெளியே வர முடியாது, ராணி இல்லாமல் கூட்டம் போகாது. அடுக்குத் தேனீக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பிடிக்கவில்லை என்றால் கூட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவது அதன் பிறவிக் குணம். பையில் பிடித்த ஒரு நல்ல கூட்டத்தைச் சாயங்காலம் பெட்டியில் இறக்கி, கேட்டை மாட்டி, சர்க்கரைப் பாகும் வைத்தேன். மறுநாள் வெயில் ஏறியதும் வாசலில் ஒரே ஆரவாரம். குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டின் இடுக்கில் ராணியின் தலை தெரிந்தது. நெஞ்சுப் பகுதி ஒரு நொடி மாட்டியது, உடம்பை ஒருக்களித்துத் திருப்பினாள், வெளியே வந்துவிட்டாள். வயிறு அதன் பிறகு தாராளமாக வந்தது. அடுத்த சில நிமிஷத்தில் பெட்டி காலி, கூட்டம் அடுத்த வீட்டுக் கூரைக்கு மேலே போய்விட்டது.

வெர்னியரில் வைத்து அளந்தேன், இடுக்கு 4.2 மில்லிமீட்டர். இது இத்தாலிய ராணிக்கு உரிய அளவு. நம் ராணி அதைவிடச் சிறியவள், நம் ஈக்கான தடுப்பில் இடைவெளி 4 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். போதாததற்குக் கூட்டம் பிரியும் முன் ராணிக்குத் தீனியைக் குறைத்து, முட்டையிடுவதும் குறைந்து, பறப்பதற்கு வசதியாக அவள் மெலிந்திருப்பாள். 'அனைத்துத் தேனீக்களுக்கும் ஏற்றது' என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். விற்றவருக்கு அளவையும் படத்தையும் அனுப்பிக் கேட்டேன், "சார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று பதில் வந்தது.

துண்டுப் பிரசுரத்தில் கேட்டைப் பத்து நாள் மாட்டி வைக்கச் சொல்லியிருக்கிறது. அளவு சரியான கேட்டாகவே இருந்தாலும் இது ஆபத்தான யோசனை. முதலில் பிரியும் கூட்டத்தில் போவது முட்டையிடும் பழைய ராணி, அதற்குக் கேட் போடலாம், அடை கட்டி முட்டை வைத்ததும் எடுத்துவிடலாம். அடுத்தடுத்துப் பிரியும் சின்னக் கூட்டத்தில் இருப்பது கன்னி ராணி, அவள் வெளியே பறந்து போய் ஆண் ஈக்களோடு கூடிவிட்டு வந்தால்தான் முட்டையிடுவாள். அவளைப் பத்து நாள் அடைத்து வைத்தால் அந்தக் கூட்டத்தின் கதை முடிந்தது. ஆண் ஈக்களும் கேட்டில் மாட்டிச் செத்து வாசலை அடைத்துக்கொள்ளும்.

கேட்டை நம்பாமல் நான் இப்போது செய்வது, வேறு நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள அடை ஒன்றை ஈயை உதறிவிட்டு எடுத்துப் புதுக் கூட்டத்துக்கு நடுவில் வைத்துவிடுவது. புழுவை விட்டுவிட்டு அவ்வளவு எளிதில் ஓடாது. அடை கொடுக்கும் பெட்டி நோயில்லாமல் இருக்க வேண்டும், அதில் கண்டிப்பாக இருங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் வந்து குமரி மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகக் காலியானது, புழு பை மாதிரி உப்பிச் செத்துக் கிடக்கும், அந்த நோய் இன்னும் அங்கங்கே தலைகாட்டத்தான் செய்கிறது.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம், அதுவும் பைக்காக. பையும் கம்பும் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள். ராணிக் கூண்டு மோசமில்லை. பெட்டிக்கு மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி செய்யும் ஆசாரிகளிடம் நியூட்டன் அளவு என்று சொன்னாலே போதும், உங்கள் சட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி அடித்துத் தருவார்கள், கேட்டையும் அங்கேயே அளந்து வாங்கிக்கொள்ளலாம். மழைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கார்த்திகையில் போனால் அவர்களுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது.

செட்டில் வந்த கேட் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது, இத்தாலியத் தேனீக்கு அளவு சரியாக இருக்கும். நாகர்கோவில் பக்கம் யாராவது அதை வளர்த்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.