மூன்று வருஷம், ஒரு வம்சாவளித் தளம், தீராத ஒரு மஞ்சள் முக்கோணம்

போன வாரம் அத்தை மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரத்தைப் போட்டு, "மச்சான், பாதி விலைக்குத் தர்றான். நீ ரொம்ப நாளா வச்சிருக்கியே, எடுக்கலாமா?" என்று கேட்டான். ரெண்டு வரியில் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

தளத்தின் பெயர் வேண்டாம். சந்தா கட்டினால் பழைய ஆவணங்களைத் தேடவிட்டு, குடும்ப மரம் வரைந்து தருகிற பெரிய தளங்களில் ஒன்று. நான் சேர்ந்தது ஒரே ஒரு ஆளுக்காக. என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். வட ஆற்காட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவில்லை. பெயர் சின்னசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே தகராறு. யாரைச் சேர்த்தாலும் 'குடும்பப் பெயர்' கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? சரி, அவரவர் அப்பா பெயரைப் போட்டேன். உடனே வீட்டு ஆண்கள் அத்தனை பேர் தலையிலும் மஞ்சள் முக்கோணம். தந்தையின் குடும்பப் பெயரும் மகனின் குடும்பப் பெயரும் ஒத்துப்போகவில்லையாம், சரிபார்க்க வேண்டுமாம். சரிபார்த்தேன், எங்கள் வீட்டில் பிள்ளைகள் யாரும் மாறிப் போகவில்லை. 'புறக்கணி' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் போய்விடும். மறுநாள் திறந்தால் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தாத்தா கட்டியது சொந்த அக்கா மகளை. அந்தக் காலத்தில் அக்கா மகள் வீட்டில் இருக்க வெளியே பெண் பார்த்தால்தான் சண்டை வரும். தளத்துக்கு இது தலைகால் புரியவில்லை. ஆயாவைத் தாத்தாவின் மனைவியாக ஓர் இடத்திலும், தாத்தாவின் அக்கா மகளாக இன்னோர் இடத்திலும் ரெண்டு ஆளாக வரைந்தது. பிறகு அதுவே, "இவர்கள் இருவரும் ஒருவரா? இணைக்கவா?" என்று கேட்டது. இணைத்தேன். பெற்ற தாயே நாத்தனார் முறையாகிறாள், பிழை இருக்கலாம் என்று இன்னொரு முக்கோணம். ஆகிறாள்தான். ஆயாவின் கல்யாணத்தில் அதைச் சொல்லித்தான் கேலி செய்திருப்பார்கள். உதவிப் பிரிவுக்கு நாலு முறை எழுதினேன். நாலு முறையும் பெயரை மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டு ஒரே பதில்தான் வந்தது: உங்கள் தரவைச் சரிபார்க்கவும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பழைய படங்களைத் துலக்கித் தருவது அருமை. அம்மாவின் கல்யாணப் படத்தில் வெறும் கறுப்புப் பட்டையாக இருந்த முந்தானையில் இப்போது சரிகை தெரிகிறது. கைபேசிச் செயலியும் சிக்கல் இல்லாமல் ஓடுகிறது.

ஆனால் எதற்காகச் சேர்ந்தேனோ அந்தச் சின்னசாமியை இது கண்டுபிடித்துத் தரவில்லை. "உங்கள் மூதாதையர் பற்றிய புதிய தடயம்!" என்று வாரம் ஒரு மின்னஞ்சல் வரும். ஆவலாகத் திறந்தால், பிஜியில் ஒருவர், இங்கிலாந்தில் ஒருவர், ஒரு முறை 1950-இல் பிறந்த ஒருவர்.

அவர் கிடைத்தது காசில்லாமல். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனைத் தொட்டதிலிருந்து 1911 வரை, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்கள் 1,52,184 பேர். பெரும்பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் போட்டு, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று குமாஸ்தாக்கள் எழுதி வைத்தார்கள். டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அந்தப் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கிறது. பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பத்தியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் 'பாக்கம்' என்று முடியாத ஊர் குறைவு, குமாஸ்தாவின் ஆங்கிலத்தில் எல்லாப் பாக்கமும் ஒரே மாதிரி இருந்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் ஒரு வரி. 1898. வயது 22. தகப்பன் பெயர் சரி, தாணா சரி, ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மட்டும் இடறல். கடைசிப் பத்தியில், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது வடம் அறுந்து பெரியவருக்குக் காலில் அடிபட்டது என்று ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது எந்தக் கால் என்று ஆயாவுக்கே தெரியாது. டர்பன் துறைமுகத்துப் பட்டியலுக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் போன வருஷமும் பொல்லாதது. அஞ்சு வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. 1895-இல் போட்ட சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகு திரும்பவும் ஒப்பந்தத்தில் சேராமல், ஊருக்கும் போகாமல் அங்கேயே தங்கினால் வருஷம் 3 பவுன் தலைவரி. 60 ஷில்லிங், அதாவது முதல் வருஷக் கணக்கில் ஆறு மாதக் கூலி. அந்த வரி 1914-இல்தான் ஒழிந்தது. முதல் ஒப்பந்தம் முடிந்து அதுவரை பதினோரு வருஷம். அதில் மனிதர் எத்தனை முறை கட்டினாரோ, எத்தனை முறை திரும்பக் கைநாட்டு வைத்தாரோ. ஊருக்கு அவர் ஏன் பணம் அனுப்பவில்லை என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை குறைபட்டுக்கொண்டிருந்தது.

பட்டியலில் அவருக்குப் போட்டிருந்த வரிசை எண்ணைக் கொண்டுவந்து தளத்தில் அவர் பக்கத்துக் குறிப்பில் போட்டேன். சும்மா அதே எண்ணைத் தேடல் கட்டத்திலும் தட்டினேன். ஒரே ஒரு விடை. டர்பன் பக்கத்து வெருலத்தில் ஒரு அம்மா வரைந்த மரம். அவர் கொள்ளுத்தாத்தாவின் குறிப்பில் அதே எண்.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த அம்மாவும் மூன்று வருஷமாகச் சந்தா கட்டுகிறவர். ஒரே தளத்தில், ஒரே மனிதரைத் தேடி, ரெண்டு பேரும் காசு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். அவர் பெயரை 'எஸ்' போட்டுத் தொடங்கியிருந்தார், பட்டியலில் உள்ளபடி. நான் 'சிஎச்' போட்டேன், எங்கள் ரேஷன் அட்டையில் உள்ளபடி. ஒலியை வைத்துப் பெயர் பொருத்தும் பழைய முறை ஒன்று உண்டு, சவுண்டெக்ஸ் என்பார்கள். ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது. உயிரெழுத்து மாறினால் விட்டுக்கொடுக்கும், முதல் எழுத்தை மட்டும் அப்படியே பிடித்துக்கொள்ளும். முதல் எழுத்து வேறானால் ஆளே வேறு. இந்தத் தளம் உள்ளே எதை ஓட்டுகிறதோ, எங்கள் விஷயத்தில் நடந்தது அதேதான். தமிழனுக்குச் 'சி' என்றால் ரெண்டும்தானே! பிஜிக்காரரைக் காட்டத் தெரிந்தது, இதைக் காட்டத் தெரியவில்லை. கூலி என்று குத்திய எண் வந்துதான் ஆளைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மாவுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் பாட்டியை 'ஆயா' என்றுதான் எழுதுகிறார்.

ஆக, மாப்ள, எடுக்காதே. பாதி விலை என்றாலும் எடுக்காதே. நம் ஆட்கள் பெயரையும் நம் ஆட்கள் கல்யாணத்தையும் புரிந்துகொள்ளாத சாமான் இது. பட்டியல் இலவசம், ஞாயிற்றுக்கிழமையும் இலவசம்.

நான் நேற்று ராத்திரி இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். வெருலத்து அம்மா அந்தப் பக்கத்து நாலு தலைமுறையையும் இந்த மரத்தில்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறார், என்ன செய்வது. பணம் கட்டிய கையோடு திறந்தால் ஆயா தலையில் மறுபடி முக்கோணம். திட்டிக்கொண்டே புறக்கணியை அழுத்தப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மஞ்சள்தானேடா, இருந்துட்டுப் போவட்டும்."