ரெக்ரூட்மென்ட்டா, ஊழியர் உறவா? ஹெச்.ஆரில் எதில் நிலைப்பது?

ஹெச்.ஆரில், அதாவது மனிதவளத் துறையில், சில ஆண்டுகள் எல்லா வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தவர்களுக்கு, எந்தப் பிரிவில் நிலைப்பது என்ற கேள்வி ஒரு கட்டத்தில் வந்தே தீரும். பெரும்பாலும் போட்டி ஆளெடுக்கும் ரெக்ரூட்மென்ட்டுக்கும், புகார், விசாரணை, வேலைநீக்கம் ஆகியவற்றைப் பார்க்கும் எம்ப்ளாயி ரிலேஷன்ஸுக்கும் (ஊழியர் உறவு)தான். நான் முதலாவதில் தொடங்கி இரண்டாவதுக்கு மாறியவன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. என் சாய்வைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

ரெக்ரூட்மென்ட்டின் நல்ல பக்கம் தெரிந்ததுதான். நுழைவது எளிது, புதுப்புது மனிதர்களைப் பார்க்கலாம், எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று மாதக் கடைசியில் எண்ணிக் காட்டலாம். ஊழியர் உறவில் அப்படி எண்ணிக் காட்ட அதிகம் இருக்காது. ஒரு புகார் நீதிமன்றம் வரை போகாமல் தீர்ந்தது என்பதை எந்த அட்டவணையிலும் போட முடியாது. சம்பளம், சலுகைகள் பிரிவும் நல்ல வழிதான். ஆனால் ஆண்டு ஊதியத் திருத்தத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, நான் அதில் வேலை பார்த்ததில்லை. எண்களோடு ஒட்டிப்போகிறவர்களுக்கு அது பொருந்தும் என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

என்னை மாற வைத்தது ஒரே ஒரு விஷயம். நிறுவனத்துக்கு நேரம் சரியில்லாதபோது உங்கள் வேலை என்ன ஆகும்?

ஆளெடுப்பை நிறுத்தினால் ஆளெடுப்பவர்களுக்கு வேலை இல்லை. 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000க்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. அடுத்த ஆண்டு குறைவாகவே ஆளெடுக்கப்போகிறோம், அதனால் ரெக்ரூட்டிங் அணிக்கு அடி கூடுதலாக இருக்கும் என்று அந்த அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள். அங்கே மட்டும் நடப்பதல்ல இது. நன்றாக வேலை செய்தவரும் போவார், சுமாராகச் செய்தவரும் போவார். திறமை அங்கே பேச்சே இல்லை.

அதே மாதங்களில் ஊழியர் உறவில் வேலை கூடும். யாரை எந்த அளவுகோலில் விடுவிப்பது, அந்த அளவுகோல் மகப்பேறு விடுப்பிலும் மருத்துவ விடுப்பிலும் இருப்பவர்களையே வடிகட்டி வெளியே தள்ளுகிறதா, நோட்டீஸ் காலம் எவ்வளவு, தொழிலாளர் பிரதிநிதிகளிடம் எப்போது பேசுவது என்று வரிசையாக வரும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆவது உடன்படிக்கை, 1982இல் வந்தது. தகுந்த காரணம் இல்லாமல் ஒருவரை நீக்கக் கூடாது, நடத்தையையோ திறனையோ காரணம் காட்டினால் முதலில் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. ஆனாலும் இதே நியாயம் பல நாட்டுச் சட்டங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அதைச் செயலில் காட்ட ஒரு ஆள் வேண்டும். அப்புறம், ஆட்குறைப்பு முடிந்ததும் மூன்று பேர் வேலை இரண்டு பேர் தலையில் விழும். அடுத்த அலைப் புகார்கள் அங்கிருந்து வரும்.

இன்னொன்று, இங்கே கற்றது பழசாவதில்லை. ஆள் தேடும் தளங்களும் மென்பொருளும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு புகாரை விசாரிக்கும் முறை மாறாது. புதிதாக வருகிறவர்களின் விசாரணைக் குறிப்பில் ‘மேலாளர் தரக்குறைவாக நடந்துகொண்டார்’ என்று இருக்கும். அது எழுதியவரின் முடிவு, சாட்சி சொன்னது அல்ல. ‘மேசையைத் தட்டி, நாளையிலிருந்து வராதே என்றார், அப்போது அறையில் நான்கு பேர் இருந்தோம்’ என்று இருந்தால்தான் அந்த நான்கு பேரையும் தனித்தனியாகக் கேட்க முடியும். இதே குற்றத்துக்குப் போன ஆண்டு இன்னொருவருக்கு என்ன கொடுத்தோம் என்று பழைய கோப்பைத் திறந்து பார்ப்பதும் அப்படித்தான். ஒருவருக்கு எச்சரிக்கை, இன்னொருவருக்கு வேலைநீக்கம் என்றால் அந்த முடிவு எங்கும் நிற்காது.

நாடு மாறினால் சட்டத்தைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும், அது உண்மையான சுமை. மனச்சுமையும் உண்டு. கேட்டதை யாரிடமும் சொல்ல முடியாது. வேலை பறிபோகப்போகிறது என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒருவரோடு அன்று மதியம் சேர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். புகார் கொடுத்தவர் நீங்கள் நிர்வாகத்தின் ஆள் என்பார், மேலாளர் நீங்கள் ஊழியர் பக்கம் என்பார். எல்லோருக்கும் பிடித்தவராக இருக்க ஆசைப்படுகிறவர்கள் ரெக்ரூட்மென்ட்டிலேயே இருப்பது நல்லது. நான் இருந்ததெல்லாம் சங்கம் இல்லாத அலுவலகங்கள். தொழிற்சங்கத்தோடு ஊதிய ஒப்பந்தம் பேசும் தொழிற்சாலைகளில் இந்தப் பிரிவு கிட்டத்தட்ட வேறு வேலை. அங்கே போக நினைப்பவர்கள் அதில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

இந்தப் பக்கம் வர முடிவெடுத்தால், நேர்காணலில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: ஒருவரை நீக்க வேண்டாம் என்று நான் பரிந்துரைத்து, மேலாளர் நீக்கியே ஆக வேண்டும் என்றால், கடைசி முடிவு யாருடையது? யாரிடம் போகும், எத்தனை நாளில் முடிவாகும் என்று பதில் தெளிவாக வந்தால் தயங்காமல் சேரலாம். ‘மேலாளர் சொல்வார், நீங்கள் கடிதம் தயார் செய்தால் போதும்’ என்று வந்தால் வேண்டாம்.