பல் மருத்துவமனைக்கு முன்பதிவு மென்பொருள் வாங்குவோருக்கு: 70,800 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த விதம்

தஞ்சாவூரில் இரண்டு சிகிச்சை நாற்காலிகள் கொண்ட ஒரு சிறிய பல் மருத்துவமனையை 2011 முதல் நடத்திவருகிறேன். நோயாளிகளின் முன்பதிவுகளை நிர்வகித்துத் தருவதாகச் சொன்ன ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு 2024 ஜூலையில் 70,800 ரூபாய் கொடுத்தேன். ஏழு மாதங்கள் கழித்து அதை விட்டு வெளியேறினேன். பணம் போனதைவிட, அந்த ஏழு மாதங்களில் என்னை நம்பி வந்தவர்கள் பட்ட அலைச்சல்தான் இதை எழுதவைக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நடந்த முறையைச் சொன்னால், அதே பேச்சுடன் வேறு யார் வந்தாலும் சக மருத்துவர்களால் இனம்கண்டுகொள்ள முடியும் என்று நம்புகிறேன்.

பதின்மூன்று ஆண்டுகளாக எங்களிடம் இருந்தது ஒரு கெட்டி அட்டை நோட்டு. நாள் ஒன்றுக்கு இரண்டு பக்கம், பக்கம் ஒன்றுக்கு ஒரு நாற்காலி, கால் மணி நேரத்துக்கு ஒரு கோடு. எங்கள் வரவேற்பாளர் அதில் பென்சிலால்தான் எழுதுவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பெயரும் நேரமும் கொண்ட பட்டியலாகத் தெரியலாம். உண்மையில் அதற்குள் சிகிச்சையைப் பற்றிய அறிவு நிறைய இருந்தது. கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சையின் முதல் அமர்வு என்றால் நான்கு அல்லது ஐந்து கோடுகளை அவர் அடைத்துவிடுவார். தையல் பிரிக்க வருபவருக்கு ஒரு கோடு போதும். கீழ்த்தாடையில் மரத்துப்போவதற்கான ஊசி போட்டபின் அது முழுமையாக வேலை செய்ய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் அடுத்த நாற்காலியில் தையல் பிரிக்கவோ பல்செட்டைச் சரிபார்க்கவோ ஒருவரை வைப்பார். முழுப் பல்செட்டுக்கு வழக்கமாக ஐந்து முறை வரவேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் இடையே லேப் எடுத்துக்கொள்ளும் நாட்களைக் கணக்கிட்டே அடுத்த தேதியைக் கொடுப்பார். கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் என்பது கருவிகள் அந்த வெப்பத்தில் இருக்கும் நேரம் மட்டுமே. சூடேறுவதும் உலர்வதும் சேர்ந்தால் முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். ஆகவே அடுத்தடுத்து மூன்று அறுவைகளை அவர் வைக்கவே மாட்டார். இவற்றுடன் பட்டுக்கோட்டைக்குத் திரும்பும் பேருந்து நேரம், நடவு நடக்கும் வாரங்கள், முகூர்த்த நாட்கள், அமாவாசையன்றும் அஷ்டமியன்றும் பல் எடுத்துக்கொள்ளத் தயங்குபவர்கள் யார் யார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சர்க்கரை நோய் உள்ளவர்களை, காலை உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டு வரும்படி சொல்லி, முற்பகலிலேயே வரவழைப்பார்.

அந்த நோட்டை மாற்ற நினைத்ததற்குக் காரணம் இருந்தது. சொல்லிவைத்துவிட்டு வராமல் போகிறவர்கள் அதிகரித்திருந்தார்கள். எல்லோரையும் முந்தைய நாளே தொலைபேசியில் அழைக்க ஒருவரால் இயலவில்லை. அந்தச் சமயத்தில்தான் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் மடிக்கணினியுடன் வந்தார். சிகிச்சைக்கேற்ப நேரத்தின் அளவை மாற்றலாம், இரண்டு நாற்காலிகளையும் தனித்தனியே காட்டலாம், நினைவூட்டல் குறுஞ்செய்தி தானாகவே போகும், விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் எல்லாத் தகவல்களையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்று ஒவ்வொன்றையும் திரையில் காட்டினார். மூன்று ஆண்டுகளுக்கு மொத்தமாகக் கட்டினால் 60,000 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 10,800 ரூபாய். அந்தச் சலுகை அன்று மாலை வரைதான் என்றார். ஒப்பந்தம் பதினோரு பக்கம் இருந்தது. நான் முதல் இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

பணம் போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்குக் கிடைத்தது வேறொன்று. நாற்காலிகள் என்ற பிரிவே அதில் இல்லை. மருத்துவரின் பெயருக்கு நேராக அரை மணி நேரக் கட்டங்கள் மட்டுமே இருந்தன. வேர் சிகிச்சைக்கும் தையல் பிரிப்பதற்கும் ஒரே கட்டம். நான் திரையில் பார்த்த வசதிகள் உயர்நிலைத் தொகுப்புக்கு உரியவை என்றும், அதற்கு ஆண்டுக்குத் தனிக் கட்டணம் என்றும் வாடிக்கையாளர் பிரிவில் சொன்னார்கள். அந்தப் பிரதிநிதியை அழைத்தபோது, அவர் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டதாகப் பதில் வந்தது. நோயாளிகள் தாங்களே செயலியில் பதிவு செய்யும் வசதியை, எங்களைக் கேட்காமலேயே திறந்துவிட்டிருந்தார்கள். அதனால் வரவேற்பாளர் ஒருவருக்கு ஒதுக்கிய அரை மணி நேரத்தில் செயலி வழியாக இன்னொருவரும் வந்து நின்றார். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் நான்கு பேர் காத்திருந்தார்கள். நால்வரிடமும் பத்து மணி என்று காட்டும் திரை இருந்தது. நால்வருமே சரியாகத்தான் வந்திருந்தார்கள்.

குறுஞ்செய்தி விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடிய இடம் அதுதான். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் வெளியிட்ட விதிகளின்படி, வணிக முறையில் குறுஞ்செய்தி அனுப்பும் எந்த நிறுவனமும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. என்ற இணையப் பதிவுத் தளத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; அனுப்புநர் பெயராகத் தோன்றும் எழுத்துகளையும், செய்தியின் வாசக வடிவத்தையும் அங்கே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு மருத்துவமனையின் ஆவணங்கள் தேவைப்படும். இந்த நிறுவனம் எங்களிடம் ஓர் ஆவணத்தைக்கூடக் கேட்கவில்லை. தன்னுடைய சொந்தப் பெயரில், எந்த மருத்துவமனை என்று குறிப்பிடாமல், ‘உங்கள் முன்பதிவு உறுதி செய்யப்பட்டது’ என்ற ஒரே வாசகத்தைப் பொதுவாக அனுப்பியது. பலருக்கு அதுவும் போய்ச் சேரவில்லை. ஆனால் எங்கள் திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘அனுப்பப்பட்டது’ என்ற பச்சைக் குறி தவறாமல் தோன்றியது. சந்தேகம் வந்து, எங்கள் ஊழியர்கள் மற்றும் உறவினர்கள் ஐந்து பேரின் எண்களில் போலியாகப் பதிவு செய்து பார்த்தோம். ஐந்துக்கும் பச்சைக் குறி வந்தது. செய்தி கிடைத்தது ஒருவருக்கு மட்டுமே. அந்தப் பரிசோதனையை நான் முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும். செய்தது நான்காவது மாதத்தில்.

அதற்குள் ஒரு கல்லூரி மாணவர் தன் பல்லை இழந்திருந்தார். வேர் சிகிச்சையின் முதல் அமர்வு முடிந்து, தற்காலிக அடைப்புடன் அவரை அனுப்பியிருந்தோம். அந்த அடைப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அடுத்த அமர்வுக்கான நினைவூட்டல் அவருக்குப் போகவில்லை. போனதாகத் திரை சொன்னதால் நாங்களும் அழைக்கவில்லை. வலி நின்றுவிட்டதால் அவரும் மறந்துவிட்டார். இரண்டரை மாதம் கழித்து அவர் வந்தபோது அடைப்பு தேய்ந்து போயிருந்தது, பல் வேர் வரை பிளந்திருந்தது. அதை எடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு நிகழ்ச்சியை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அத்தகையவருக்குப் பல் எடுப்பதென்றால் நாள் குறிப்பதே சிகிச்சையின் முதல் படி. இதய மருத்துவரின் கடிதம் வேண்டும், ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையை முந்தைய நாள் செய்து அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதய உள்ளுறைத் தொற்றைத் தடுக்க, பல் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாக அமாக்ஸிசிலின் இரண்டு கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் நான்கினை, ஒரே வேளையாக உட்கொள்ள வேண்டும். அவருக்குப் புதன்கிழமை பத்து மணி கொடுத்திருந்தோம், அன்று எங்களிடம் வரும் வாய் அறுவை நிபுணரும் இருப்பார் என்பதால். நிபுணரின் நாட்காட்டியைச் செயலி தானாகவே வெள்ளிக்கிழமைக்கு நகர்த்தியிருந்தது. அம்மாவுக்கும் தெரிவிக்கவில்லை, எங்களுக்கும் தெரிவிக்கவில்லை. நிபுணருக்கு மட்டும் செய்தி போயிருந்தது. காலையில் பேருந்திலேயே மாத்திரைகளை விழுங்கிவிட்டு வந்து நின்ற அவர், “நாலு மாத்திரையும் போட்டுட்டேனேம்மா, இப்ப என்ன பண்றது?” என்று வரவேற்பாளரிடம் கேட்டார். அவரைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் இரத்தப் பரிசோதனை, மறுபடியும் நான்கு மாத்திரைகள், மறுபடியும் பேருந்து. அந்தச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அன்று மாலையே நோட்டைத் திரும்பவும் திறந்தோம்.

பிறகு மெல்ல மெல்லத் தெரியவந்தவை இதைவிட மோசமானவை. எங்கள் பக்கத்தில் நேரம் நிரம்பியிருந்தால், செயலி அருகிலுள்ள வேறு மருத்துவமனைகளின் பட்டியலைச் சலுகைக் கட்டணத்துடன் காட்டியது; நாங்கள் பணம் கட்டிய இடத்திலேயே எங்கள் நோயாளிகள் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பல்வரிசையைச் சீராக்கும் அலைனர் விற்பவர்களிடமிருந்தும், மருத்துவக் கடன் தருவதாகச் சொல்பவர்களிடமிருந்தும் அழைப்புகள் வந்ததாக எட்டு நோயாளிகள் எங்களிடம் முறையிட்டார்கள். அவர்களில் இருவருக்கு வந்த அழைப்பில், எந்தப் பல்லுக்குச் சிகிச்சை நடக்கிறது என்பதைக்கூடச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வாயைத் திறந்து என் முன் அமர்ந்தபின் எனக்குத் தெரிந்த செய்தி அது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் கையாளும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தாலும், பொறுப்பு தகவலைப் பெற்றவரிடமே இருக்கும் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நோயாளி என்னைத்தான் கேட்பார், கேட்பது நியாயமும்கூட.

வெளியேற முயன்றபோது ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார்கள்: எந்தக் காரணத்துக்காகவும் தொகை திருப்பித் தரப்படாது. எக்செல் கோப்பாகத் தருவதாகச் சொன்ன தகவல்களுக்குப் பதிலாக, பெயர்களும் தொலைபேசி எண்களும் மட்டும் கொண்ட ஒரு பி.டி.எஃப். வந்தது, அடுத்த வருகைத் தேதி ஒன்றுகூட அதில் இல்லை. வேர் சிகிச்சை பாதியில் நிற்பவர்கள் யார், பல்செட்டுக்கு அச்செடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யார் என்பதைச் சிகிச்சை அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினெட்டு நாட்கள் ஆயின.

சட்டத்தின் நிலை குறித்து நான் அறிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார்’ என்றுதான் என்னையும் முதலில் மிரட்டினார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கத்துக்காக வாங்குவோரை விலக்குவது உண்மை. ஆனால் தன் பிழைப்புக்காக மட்டுமே சுயதொழில் செய்பவர் வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்வதில்லை என்ற விளக்கமும் அதே பிரிவில் இருக்கிறது. குறைபாடான சேவைக்குரிய தொகையை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திருப்பித் தர மறுப்பதும், நம்பிக்கையின்பேரில் பெற்ற தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளியிடுவதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளாக அங்கே வரையறுக்கப்பட்டுள்ளன. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதன் பின்னரே நிறுவனத்திடமிருந்து ஒரு மனிதர் பேசினார். இன்னும் ஓராண்டு சேவையை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். நான் மறுத்து, வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பி, மாவட்ட ஆணையத்தை அணுகியிருக்கிறேன்.

இத்தகைய மென்பொருளே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்க நினைப்பவர்கள் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி, அந்த மாதம் முழுவதும் நோட்டையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வாக்குறுதிகளை அவர்களின் நிறுவன மின்னஞ்சலிலிருந்து எழுத்தில் பெறுங்கள். உங்கள் வீட்டாரின் எண்களில் பதிவு செய்து செய்தி வருகிறதா என்று பாருங்கள், டி.எல்.டி. பதிவுக்கு உங்கள் ஆவணங்களைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். முதல் வாரத்திலேயே எல்லாத் தகவல்களையும் வெளியே எடுத்துப் பார்த்து, அடுத்த வருகைத் தேதிகள் அதில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பணம் கொடுக்குமுன், வரவேற்பில் அமர்பவரை அந்தத் திரையின் முன் உட்காரவைத்து, உங்கள் பரபரப்பான ஒரு சனிக்கிழமையை அதில் பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் வரவேற்பாளரை அன்று நான் கேட்டிருந்தால், நாற்காலிகள் எங்கே என்று முதல் நிமிடத்திலேயே கேட்டிருப்பார்.

எங்கள் நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். சேவையை நிறுத்தும்படி எழுத்தில் மூன்று முறை கேட்டும், அந்தச் செயலியில் எங்கள் மருத்துவமனையின் பக்கமும் பதிவு செய்யும் பொத்தானும் இன்னும் இருக்கின்றன. அங்கே நீங்கள் கொடுக்கும் பெயரும் எண்ணும் எங்களுக்கு வருவதில்லை. அது காட்டும் நேரத்தில் உங்களுக்காக எந்த நாற்காலியும் ஒதுக்கப்பட்டிருக்காது. சிகிச்சை அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள். நாங்களும் ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணி முதல், மறுநாள் வரவேண்டிய ஒவ்வொருவரையும் அந்த எண்ணிலிருந்தே அழைக்கிறோம்.