அட்டையின் மறுபாதி கடையில் இருந்தது

4 வருடம் கழித்து பாளையங்கோட்டைக்கு 3 வாரம் போய்விட்டு வந்தேன். வங்கி வேலை, பத்திரப் பதிவு, அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் சொன்ன நாளில் சொன்னபடி முடிந்தன (ஆமாம், பத்திரப் பதிவும்தான்). அதையெல்லாம் விடுங்கள். நான் எழுத உட்கார்ந்தது 6 மாத்திரைகளைப் பற்றி.

அதற்கு முன்னால் என் கால் கதை தெரிய வேண்டும். வயது 44, டொரன்டோவில் ஓடுகிறவள். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் தடித்த நாண் ஒன்று உண்டே, அக்கிலீஸ் என்பார்கள், ஊரில் எல்லாருக்கும் அது 'நரம்பு'தான், வலது காலில் அது சில வருடமாக என்னைப் படுத்துகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்து அடி கிழவி நடை. நடக்க நடக்க இளகும். இளகிவிட்டதே என்று 10 கிலோமீட்டர் ஓடினால் மறுநாள் வட்டியோடு திரும்பும். சரி என்று ஒரு மாதம் ஓய்வெடுத்தால் வலி போய்விடும், திரும்ப ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம் அதே இடத்தில் வந்து நிற்கும். நாண் ஓய்வில் பலமாவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றினால்தான் பலமாகும், இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடம் போயிற்று.

வைத்தியம் என்னவோ வெறும் படிக்கட்டுதான். ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர் 1998-ல் எழுதி வைத்த முறை: முன்பாதத்தைப் படி விளிம்பில் ஊன்றிக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவை 3 சுற்று, மடக்கி 15 தடவை 3 சுற்று, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு 180, மொத்தம் 12 வாரம். ஊரிலும் விடாமல் செய்தேன். அம்மா தினமும் பார்த்துவிட்டு, "ஏட்டி, காலு வலிக்கின்னு சொல்லிக்கிட்டு வாசப்படியில நின்னு என்ன ஆட்டம்?" என்பாள்.

ஐந்தாம் நாள் கல்யாண வீட்டுச் சாப்பாடு. அன்று இரவே வயிறு கலகலத்துவிட்டது. காலையில் தெருமுனை மருந்துக்கடை. பள்ளிக்கூட நாளிலிருந்து அதே அண்ணாச்சி. "எத்தனை தடவை போச்சு? காய்ச்சல் இருக்கா?" இரண்டே கேள்வி. கத்தரியால் அட்டையை வெட்டி 6 மாத்திரை, காகித உறையில் 'காலை 1, இரவு 1' என்று கிறுக்கல், எல்லாம் இரண்டு நிமிடத்தில். கனடாவில் இதற்குக் காலையில் போன் போட்டுக் காத்திருந்து, 'வியாழக்கிழமை 3.40 சரிப்படுமா' என்பார்கள், அதற்குள் வயிறு தானே சரியாகியிருக்கும். நம்ம ஊர் நம்ம ஊர்தான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் குதிகாலுக்கு மேலே சுருக் சுருக்கென்றது. இடது காலிலும். இடது காலில் எனக்கு எப்போதுமே வலித்ததில்லை. அப்போதுதான் டொரன்டோ பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் நிரப்பச் சொன்ன படிவம் ஞாபகம் வந்தது. அதில் ஒரு கேள்வி, சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் எடுத்தீர்களா என்று. குதிகாலுக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தபடி 'இல்லை' போட்டிருந்தேன்.

ஓடிப்போய் அட்டையை எடுத்துப் பார்த்தால், கத்தரி பெயரின் நடுவில் போயிருந்தது. மிஞ்சியது '...னிடசோல்'. தேடினால் ஆர்னிடசோல், அதோடு ஜோடியாக வருவது பெரும்பாலும் ஆஃப்லாக்சசின், அது சிப்ரோவின் பங்காளி. இந்த வகை மருந்துகளால் நாண் வீங்கலாம், அறுந்துகூடப் போகலாம், அதிலும் முதலில் அக்கிலீஸ்தான் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-ல் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொல்லியிருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அரிதுதான். ஆனால் ராத்திரி 11 மணிக்கு அதைப் படிக்கிறவளுக்கு அரிது என்ற சொல் கண்ணில் படாது.

காலையில் நொண்டிக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தேன். அண்ணாச்சி அசரவில்லை. "ஊரே இதைத்தாம்மா சாப்பிடுது, ஒருத்தர் நரம்பும் அறுந்து நான் பாத்ததில்ல." பிறகு இழுப்பறையைத் திறந்து வெட்டிய அட்டையின் மறுபாதியை எடுத்து மேசையில் வைத்தார். முழுப் பெயர், சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்ற வாசகம், எல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. ஏதோ எனக்கு உதவி செய்கிற மாதிரி காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இன்னும் 6 பத்தி ஆகும்.

டோக்கன் 47-ல் ஒரு டாக்டரைப் பார்த்தேன். மூன்று நிமிடம்தான், ஆனால் காலை அமுக்கிப் பார்த்தார். ரத்தமும் இல்லை காய்ச்சலும் இல்லை, இதற்கு ஆன்டிபயாட்டிக்கே வேண்டியதில்லை, ஓ.ஆர்.எஸ். குடித்தால் போதும், குதிகால் அடங்கும்வரை ஓட வேண்டாம் என்றார். வயிறு இரண்டு நாளில் சரியானது, இடது கால் பத்து நாளில். மாத்திரையால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அந்த ஐந்தாறு நாளும் தட்டைச் செருப்பிலும் வெறுங்காலிலும் அலைந்திருக்கிறேன், அதுவே போதும் அக்கிலீசுக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் எந்த மருந்து வாங்கினாலும் இரண்டு பக்கத் துண்டுச்சீட்டு தருவார்கள். ஒன்றைக்கூட நான் படித்ததில்லை, பையிலிருந்து நேராகக் குப்பைக் கூடைக்கு.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவின் பிரஷர் மாத்திரை வாங்க வேறு வழியில்லாமல் அதே கடைக்குப் போனேன். 5 போதும் என்றேன். அண்ணாச்சி கத்தரியைக் கையில் எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். "முழு அட்டையாவே எடுத்துட்டுப் போ. பேரை நல்லாப் படிச்சுக்கோ."